அடிபட்டவர் மயில்வாகனம்தான்

எட்டாம்படுகையில் முட்டாள்கள் யாரும் கிடையாது. இது யாரோ சொன்னதல்ல. அந்த ஊர்க்காரர்களே கூட்டம் போட்டு, கை தூக்கி, ஏகமனதாகத் தீர்மானம் நிறைவேற்றிப் பஞ்சாயத்துப் பலகையில் ஒட்டியிருக்கிறார்கள். தலைகீழாகத்தான் ஒட்டியிருக்கிறார்கள். அந்த வழியாகப் போகிறவர்கள் கழுத்தைச் சாய்த்துப் படித்துவிட்டுப் போவது வழக்கம்.

அந்த ஊர் வாய்க்கால் தெருவில் டீக்கடை வைத்திருப்பவர் வைரக்கண்ணு. நல்ல மனுஷர். டீயும் நல்ல டீ. அவருக்கு வாழ்க்கையில் பெரிய ஆசை என்று எதுவும் இருந்ததில்லை. எல்லாம் போன ஐப்பசியில் பயிற்சி மேடம் வந்து சேரும்வரைக்கும்தான்.

மேடத்தின் பெயர் திலகவதி. புயலோ வெள்ளமோ வந்தால் தெருக்காரர்களே ஒருவருக்கொருவர் எப்படி உதவிக்கொள்வது என்று ஊர் ஊராகப் போய்ச் சொல்லிக்கொடுப்பது அவர் வேலை. வாய்க்கால் தெருவில் தன்னார்வலர் குழு அமைக்கப் போவதாகச் சொல்லி, விருப்பமுள்ளவர்கள் முன்னால் வாருங்கள் என்றார். தெருவே இரண்டடி முன்னால் வந்தது. யார் யார் என்று தெரியாமல் மேடம் இன்னொரு தடவை சொன்னார். தெரு இன்னும் இரண்டடி வந்தது. மூன்றாம் தடவை மேடத்தின் முதுகு சுவரில் முட்டியதால், எல்லோருமே தன்னார்வலர்கள்தான் என்று அவர் ஒப்புக்கொண்டார்.

தலைவராகக் கோதண்டம் தேர்ந்தெடுக்கப்பட்டார். முப்பது வருஷம் பஸ் கண்டக்டராக இருந்து ஓய்வு பெற்றவர். விசில் இன்னும் கழுத்தில்தான் தொங்குகிறது. ஒரு விசில் அடித்தால் நிற்க வேண்டும், இரண்டு விசில் அடித்தால் போக வேண்டும். தலைவர் என்றால் இதைவிட என்ன செய்துவிடப் போகிறார் என்று ஊர் நினைத்தது.

அப்புறம் ஒத்திகை. காலை பத்து மணிக்குப் புயல் ஓய்ந்துவிட்டதாக வைத்துக்கொண்டு, யார் யார் என்னென்ன செய்வது என்று மேடம் சீட்டு எழுதிக் கொடுத்தார். மாவு மில் மயில்வாகனத்துக்கு வந்த சீட்டு 'அடிபட்டவர், இடது கால்'. ஸ்ட்ரெச்சர் தூக்க முன்னால் பக்கிரிசாமி, பின்னால் உத்திராபதி. மயில்வாகனத்தின் சம்சாரம் பிறந்த வீட்டுக்குப் போயிருந்ததால், 'அழும் உறவினர்' சீட்டு வைரக்கண்ணுவின் மனைவி செண்பகவல்லிக்குப் போயிற்று. வைரக்கண்ணு தன் சீட்டைப் பிரித்துப் பார்த்தார். 'டீ, நாற்பது' என்றிருந்தது.

அன்றைக்கு அவர் மனசு பட்ட பாடு கொஞ்சமல்ல. மயில்வாகனம் ஒரு வாழைத்தண்டை இடது கால்மேல் போட்டுக்கொண்டு தரையில் படுத்தார். முழங்காலில் குங்குமத் தண்ணீர் தெளித்துக் கட்டுப் போட்டார்கள். இரண்டு மூங்கிலும் நாலு சாக்கும் வைத்துக் கட்டிய ஸ்ட்ரெச்சரில் ராஜா மாதிரி ஏற்றினார்கள். செண்பகவல்லி பக்கத்திலேயே அழுதுகொண்டு போனாள். பள்ளிக்கூடம்தான் ஆஸ்பத்திரி. அங்கே இறக்கியதும் ரொட்டி, வாழைப்பழம், போட்டோ. வைரக்கண்ணு நாற்பது டீயோடு கேனைத் தூக்கிக்கொண்டு கடைசியில் நடந்தார். அவரைப் பார்த்து யாரும் ஒரு சொட்டுக் கண்ணீர் விடவில்லை. போட்டோவில் கேன் மட்டும் பாதி விழுந்திருந்தது.

வாழ்க்கையில் ஒரே ஒரு தடவையாவது அடிபட்டவராக ஸ்ட்ரெச்சரில் போய்விட வேண்டும் என்று அன்றைக்கு ராத்திரி வைரக்கண்ணு முடிவு செய்தார்.

மேடம் ஊரைவிட்டுக் கிளம்பும்போது கடைசியாக ஒன்று சொன்னார். "நல்லா செஞ்சீங்க. ஒண்ணே ஒண்ணை மட்டும் மனசுல வச்சுக்குங்க. பதட்டத்துல ஆளாளுக்கு ஒண்ணு செய்யக்கூடாது. இன்னைக்கு ஒத்திகையில என்ன செஞ்சீங்களோ, நிஜமாப் புயல் வந்தாலும் அதையேதான் செய்யணும். அட்சரம் பிசகக் கூடாது."

கோதண்டம் இதை மாவு மில் சுவரில் பெயிண்டால் எழுதிவைக்கச் செய்தார். அன்று நடந்ததையெல்லாம், மேடம் தும்மியது உட்பட, ஒரு நோட்டில் குறித்துக்கொண்டார்.

கார்த்திகையில் நிஜமாகவே புயல் வந்தது. ஊர் ஜனம் மொத்தமும் ராத்திரி பள்ளிக்கூடத்தில் தங்கியிருந்தது. காற்று விடிய விடிய ஆடிவிட்டு, வெளுக்கும் நேரத்தில் மூட்டையைக் கட்டிக்கொண்டு போயிற்று. யாருக்கும் ஒரு கீறல்கூட இல்லை. வைரக்கண்ணு எல்லோருக்கும் முன்னால் தெருவுக்கு ஓடினார். நாற்பது டீ போடுவது என்றால் லேசா?

கடைக்குப் பக்கத்துப் பூவரச மரம் கூரைமேல் சாய்ந்துகொண்டிருந்தது. வைரக்கண்ணு பாய்லரை எடுக்கக் குனிந்தார். மரம் அதுவரைக்கும் அவருக்காகவே காத்திருந்ததுபோல மெல்லச் சரிந்து அவர் கணுக்கால்மேல் உட்கார்ந்தது. உயிர் போகிற வலி. அவர் போட்ட கூச்சலில் கூரையில் மிச்சமிருந்த ஓடும் விழுந்தது. கத்தி முடித்துக் குனிந்து பார்த்தார். இடது கால்!

வலியோடு வலியாக அவர் முகத்தில் ஒரு சிரிப்பு வந்தது. சீட்டில் எழுதியிருந்த அதே கால். ஒரு மனுஷனுக்கு இதைவிட அதிர்ஷ்டம் வேறெப்படி வரும்?

முதலில் ஓடிவந்தது செண்பகவல்லி. "ஏங்க, அங்க என்ன படுத்துக் கெடக்குறீங்க? அடுப்பு மூட்டலையா?"

"வல்லி, கால் போச்சுடி! எடது கால்!"

அவள் பார்த்தாள். கால் பூசணிக்காய் அளவுக்கு வீங்கிக்கொண்டிருந்தது. அவளுக்குக் கண் நிறைந்து, உதடு துடித்தது. அழ வாயைத் திறந்தவள் சட்டென்று முந்தானையால் கண்ணைத் துடைத்துக்கொண்டாள். "இருங்க, இப்பவே அழுது தீத்துட்டா பத்து மணிக்கு என்னத்தை அழுவறது? அதுவும் நான் மயிலண்ணனுக்குல்ல அழுவணும். ஒங்களுக்கு அழுவ எஞ்சீட்டுல எழுதலையே."

"எழுதலைதான்" என்றார் வைரக்கண்ணு. அவரும் எட்டாம்படுகைக்காரர்தானே, நியாயம் புரிந்தது.

அதற்குள் குழு கூடிவிட்டது. கோதண்டம் கைக்கடிகாரத்தைப் பார்த்தார். "மணி ஆறே கால். ஒத்திகை பத்து மணிக்கு. அதுக்குள்ள எப்படிய்யா ஒருத்தருக்கு அடிபடும்?"

"பட்டுட்டுதுண்ணே" என்று மரத்துக்கடியிலிருந்து வைரக்கண்ணு பணிவாகச் சொன்னார்.

"நீ யாரு?"

"வைரக்கண்ணுண்ணே."

"அது தெரியுது. சீட்டுல நீ யாரு?"

"டீ."

"அப்பறம்?"

பக்கிரிசாமி தாடையைத் தடவிக்கொண்டு, "ஆனா அண்ணே, இவருக்குத்தானே அடிபட்டிருக்கு?" என்று இழுத்தார்.

"அடிபட்டிருக்கு. யாரு இல்லைங்கறது? அடிபட்டிருக்கறது வைரக்கண்ணுவுக்கு. ஆனா அடிபட்டவர் மயில்வாகனம். ரெண்டையும் போட்டுக் கொழப்பாத. அவனவன் இஷ்டத்துக்கு அடிபட ஆரம்பிச்சா குழு எதுக்கு, தலைவர் எதுக்கு?"

மயில்வாகனமும் வந்து சேர்ந்தார். தொண்ணூற்றைந்து கிலோ உடம்பு. அவருக்கு மனசும் அதே அளவு பெரிது. "வைரம், நீ கேட்டா எஞ்சீட்டை ஒனக்குக் குடுத்துடுவேன். ஆனா நான் டீ போட்டா நாப்பது பேரு கதி என்னாவறது? அதை யோசிச்சியா?" என்றார். மயில்வாகனம் வெந்நீர் வைத்தாலே தீய்ந்து போகும் என்பது ஊரறிந்த விஷயம். வைரக்கண்ணு அவர் கையைப் பிடித்து நன்றி சொன்னார்.

பத்து மணி வரைக்கும் சும்மா இருக்க முடியாதே என்று மற்றவர்கள் வீடு பார்க்கப் போனார்கள். ஒவ்வொரு வீட்டுக் கதவையும் தட்டி, ஆளில்லை என்றால் கதவில் சாக்பீஸால் பெருக்கல் குறி போட வேண்டும் என்பது மேடம் சொல்லியிருந்த ஏற்பாடு. உத்திராபதி வீட்டுக் கதவு காற்றில் பிய்த்துக்கொண்டு போய் நடுவயலில் கிடந்தது. பக்கிரிசாமி முழங்கால் சேற்றில் இறங்கிப் போய் அந்தக் கதவைத் தட்டினார். பதில் இல்லை.

"வீட்ல யாரும் இல்லையாண்ணே?" என்று வரப்பிலிருந்து உத்திராபதி கவலையோடு கேட்டார்.

"தட்டிக்கிட்டே இருக்கேன், யாரும் தொறக்கல."

"நான் இங்க இருக்கேன், சம்சாரம் பள்ளிக்கூடத்துல இருக்கா. அப்ப யாரும் இருக்க மாட்டாங்க. குறியைப் போடுங்க."

பக்கிரிசாமி பெருக்கல் குறி போட்டார். வேலை சுத்தமாக முடிந்த திருப்தியில் இருவரும் திரும்பினார்கள். கதவில்லாத வீட்டைத் தட்ட முடியாததால் அந்தப் பக்கம் யாரும் போகவில்லை.

மணி ஒன்பதரை ஆயிற்று. மரத்துக்கடியில் வைரக்கண்ணுவுக்குக் காலில் வலி போய் மரமரப்பு வந்திருந்தது. அப்போதுதான் அவருக்கு ஒரு யோசனை தோன்றியது. "அண்ணே, பத்து நாப்பதுக்கு நான் பள்ளிக்கூடத்துல நாப்பது டீ குடுக்கணும். மரத்துக்கடியில இருந்துக்கிட்டு எப்படிக் குடுக்கறது?"

கோதண்டம் நோட்டைப் பிரித்தார். பத்து நாற்பது, டீ. தெளிவாக இருந்தது. அவர் முகம் வெளிறிப் போயிற்று. "யப்பா, ஓடியாங்கய்யா! அட்சரம் பிசகப் போவுது! டீயைக் காப்பாத்துங்க!"

எட்டுப் பேர் ஓடிவந்து மரத்தைப் பிடித்தார்கள். கோதண்டம் இரண்டு விசில் அடித்தார். மரம் எழுந்தது. அந்த நேரம் பார்த்துச் செண்பகவல்லி கையில் பையோடு அவசரமாக வந்துகொண்டிருந்தாள். யாராவது பையோடு ஓடிவந்தால் வண்டியை நிறுத்துவது கோதண்டத்துக்கு முப்பது வருஷப் பழக்கம். ஒரு விசில் அடித்துவிட்டார். எட்டுப் பேரும் மரத்தைப் பாதியில் பிடித்தபடி அப்படியே நின்றார்கள். செண்பகவல்லி வந்து, நின்று, எல்லோரையும் பார்த்து, "என்னண்ணே?" என்றாள். "ஒண்ணுமில்ல, ஏறிக்க" என்றார் கோதண்டம். அவள் மரத்தில் ஏறி உட்கார்ந்தாள். மறுபடி இரண்டு விசில் கேட்ட பிறகுதான் மரமும் அவளும் நகர்ந்தார்கள்.

வைரக்கண்ணு ஒற்றைக் காலில் நின்றே நாற்பது டீயும் போட்டார். ஒன்றுகூடக் குறையவில்லை.

சரியாகப் பத்து மணிக்குக் கோதண்டம் விசில் ஊதினார். மயில்வாகனம் குளித்து, வேட்டி மாற்றி, இட்லி சாப்பிட்டுவிட்டு வந்து வாழைத்தண்டைக் காலில் போட்டுக்கொண்டு படுத்தார். குங்குமத் தண்ணீர், கட்டு, ஸ்ட்ரெச்சர், எல்லாம் ஒழுங்காக நடந்தது. செண்பகவல்லி அழத் தொடங்கினாள். காலையிலிருந்து அடக்கி வைத்திருந்த அழுகை. "ஐயோ, எம் மவராசா, ஒங்காலுக்கா இந்த கெதி! அந்தக் காலை வச்சு எப்புடி நிப்ப, எப்புடி நடப்ப!" என்று மயில்வாகனத்தின் காலைப் பிடித்துக்கொண்டு அவள் அழுத அழுகையில் கோதண்டமே கண்ணைத் துடைத்துக்கொண்டார். ஆனால் அவள் கண் மட்டும் பின்னால் கேனைத் தூக்கிக்கொண்டு நொண்டி நொண்டி வந்த வைரக்கண்ணுவின் கால்மேலேயே இருந்தது.

வைரக்கண்ணுவுக்கும் அழுகை வந்தது. இருபது வருஷமாகக் குடித்தனம் நடத்துகிற பெண்டாட்டி இவ்வளவு அருமையாக அழுவாள் என்று அவருக்குத் தெரியாமலே போயிற்றே.

ஊர்வலம் நோட்டின்படி நகர்ந்தது. ஒத்திகை அன்று மதகருகில் உத்திராபதிக்குக் கால் வழுக்கி மயில்வாகனம் வாய்க்காலில் விழுந்திருந்தார். ஆகவே மதகு வந்ததும் ஸ்ட்ரெச்சரை நிறுத்தி, "மயிலு, தயாரா?" என்று கேட்டு, அவரை ஜாக்கிரதையாக வாய்க்காலில் போட்டார்கள். வெள்ளம் நிறைய ஓடியது. எடுக்கக் கால்மணி நேரம் பிடித்தது. பிள்ளையார் கோயில் முன்னால் அன்றைக்கு மேடத்துக்குப் போன் வந்து பத்து நிமிஷம் பேசியிருந்தார். இப்போது மேடம் இல்லை, போனில் சிக்னலும் இல்லை. கோதண்டம் போனைக் காதில் வைத்துக்கொண்டு, "ஆமா... ஆமாங்க சார்... பண்ணிடறேன் சார்" என்று கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டே பத்து நிமிஷம் பேசினார். எல்லோரும் பொறுமையாக நின்றார்கள். வைரக்கண்ணு ஒற்றைக் காலில் நின்றார்.

பள்ளிக்கூடத்தில் ஓர் எதிர்பாராத விஷயம் நடந்திருந்தது. நகரத்திலிருந்து நிஜமான மருத்துவக் குழு ஒன்று வேனில் வந்து முகாம் போட்டிருந்தது. இளவயசு லேடி டாக்டர். ஸ்ட்ரெச்சரைப் பார்த்ததும் ஓடிவந்து கட்டைப் பிரித்தார். கீழே வழவழவென்று ஒரு கால் இருந்தது.

"எங்கே வலிக்குது?"

"மேடம் சொன்ன எடத்துல" என்றார் மயில்வாகனம்.

டாக்டர் அவரை ஒரு பார்வை பார்த்தார். அப்புறம் தம்ளரை நீட்டிக்கொண்டு நின்ற வைரக்கண்ணுவின் காலைப் பார்த்தார். "ஐயோ, இது என்ன? இவரை உட்கார வைங்க! எலும்பு முறிஞ்சிருக்கு போல இருக்கே!"

"அவரு டீ, டாக்டர்" என்று நாலைந்து பேர் ஒரே சமயத்தில் விளக்கினார்கள்.

டாக்டர் காதிலேயே வாங்கவில்லை. வைரக்கண்ணுவைப் பெஞ்சில் உட்காரவைத்து, அமுக்கிப் பார்த்து, அளவெடுத்து, மாவுக்கட்டுப் போடத் தொடங்கினார். குழு ஒதுங்கிப் போய் அவசரக் கூட்டம் போட்டது. மாவுக்கட்டு என்பது அடிபட்டவருக்கு உரியது, டீக்கு எப்படிப் போகலாம் என்று பக்கிரிசாமி கொதித்தார். அது மாவுக்கட்டு, நம்ம மயிலு வச்சிருக்கறதும் மாவு மில், அந்தப் பாத்தியதை வேறு இருக்கு என்றார் உத்திராபதி. கோதண்டம் கண்ணை மூடி வெகுநேரம் யோசித்தார். அந்த நேரத்தில் நர்ஸ் வந்து, "கட்டுப் போட்டவர் பேரு என்ன?" என்று கேட்டார்.

"மயில்வாகனம்" என்றார் கோதண்டம் சட்டென்று.

எல்லோருக்கும் மூச்சு வந்தது. கட்டு வைரக்கண்ணுவின் காலில், சீட்டு மயில்வாகனத்தின் பேரில். யாருக்கும் எந்தக் குறையும் இல்லை. அதனால்தான் அவர் தலைவர்.

சீட்டில் டாக்டர் எழுதியிருந்தார்: 'மூன்று வாரம் காலை ஊன்றக் கூடாது. முழு ஓய்வு. சத்தான ஆகாரம்.' மறுநாளே மயில்வாகனம் மில்லைப் பூட்டிவிட்டு, இடது காலைத் தலையணைமேல் வைத்துப் படுத்துவிட்டார். பாவம், அவருக்கு ஒரே இடத்தில் கிடப்பது பிடிக்காது, ஊருக்காகப் பொறுத்துக்கொண்டார். வைரக்கண்ணு மாவுக்கட்டோடு டீ ஆற்றினார். செண்பகவல்லி தினமும் ஆட்டுக்கால் சூப் வைத்து, வைரக்கண்ணுவின் மூக்குக்கு நேராகத் தூக்கை எடுத்துக்கொண்டு, "அடிபட்டவருக்குக் குடுத்துட்டு வந்துடறேன்" என்று போவாள். திரும்பி வரும்போது தூக்கின் அடியில் ஒரு கரண்டி மிச்சம் இருக்கும். அதை யாருக்கும் தெரியாமல் அவர் டீத் தம்ளரில் ஊற்றிக் கொடுப்பாள். சீட்டுக்கு விரோதமாக அவள் செய்த ஒரே காரியம் அதுதான்.

இரண்டு வாரம் கழித்துத் திலகவதி மேடம் வந்தார். படுத்திருந்த மயில்வாகனத்தைப் பார்த்தார். நொண்டிக்கொண்டே டீ கொண்டுவந்த வைரக்கண்ணுவைப் பார்த்தார். நோட்டைப் படித்தார். நாற்காலியில் உட்கார்ந்து, தலையில் கையை வைத்துக்கொண்டார்.

"ஒத்திகை வேற, நிஜம் வேறங்க! நிஜமாப் புயல் வந்தா, யாருக்கு அடிபட்டுதோ அவர்தாங்க அடிபட்டவர்!"

தெரு ஸ்தம்பித்துப் போயிற்று. இப்படி ஒரு கோணம் இருப்பது யாருக்கும் தோன்றவே இல்லை. வைரக்கண்ணு தம்ளரைக் கீழே வைத்தார். "அப்ப... நான்தானா மேடம்?"

"நீங்களேதான்."

"ஸ்ட்ரெச்சர்?"

"உங்களுக்குத்தான் வந்திருக்கணும்."

"வல்லி அழுதது?"

"அதுவும் உங்களுக்குத்தான்."

வைரக்கண்ணு அங்கேயே உட்கார்ந்து ஓவென்று அழுதார். அழும் உறவினர் தன் சீட்டைப் பற்றி யோசிக்காமல் கூடவே அழுதாள். மேடத்துக்கு அடுத்த ஊருக்குப் போகிற பஸ் வந்துவிட்டது. "சரி விடுங்க, போனது போச்சு. அடுத்த தடவை ஒழுங்காச் செஞ்சுடுங்க" என்று சொல்லிவிட்டு ஏறிப் போய்விட்டார்.

அடுத்த தடவை! அன்றைக்கே கூட்டம். வைரக்கண்ணு ஏகமனதாக அடிபட்டவர் ஆக்கப்பட்டார். மயில்வாகனம் பெருந்தன்மையோடு டீயை ஏற்றுக்கொண்டு, வெந்நீர் வைக்கப் பழக ஆரம்பித்தார். ஒரே ஒரு சிக்கல்தான் பாக்கி இருந்தது.

"புயலுக்கு எங்க போறது?" என்று கேட்டார் பக்கிரிசாமி.

"இதென்ன கேள்வி?" என்றார் கோதண்டம். "புயலுக்குப் பேர் வைக்கறது யாரு? டி.வி.ல வானிலை சொல்ற ஆபீஸ். என்னைக்கு வரும், எத்தனை மணிக்கு வரும்னு முன்கூட்டியே சொல்றது யாரு? அதே ஆபீஸ். நான் பஸ் எத்தனை மணிக்கு வரும்னு சொன்னேன்னா, பஸ்ஸை வுடறது யாரு? எங்க ஆபீஸ். அப்ப புயலை வுடறது?"

சந்தேகமே இல்லாமல் போயிற்று. கோதண்டம் கைப்பட மனு எழுதினார்.

'மதிப்பிற்குரிய ஐயா, சென்ற கார்த்திகையில் தாங்கள் எங்கள் ஊருக்கு அனுப்பிய புயல் நல்லபடியாக வந்து சேர்ந்தது. எங்கள் பக்கத் தவறினால் அது வீணாகிவிட்டது. ஆகவே கருணை கூர்ந்து இன்னொரு புயல், பெரியதாக வேண்டாம், நடுத்தரமாக, காலை பத்து மணிக்குள் ஓயும்படி அனுப்பி உதவுமாறு தாழ்மையுடன் கேட்டுக்கொள்கிறோம். அடிபட்டவர் தயார் நிலையில் இருக்கிறார். மரம் அனுப்ப வேண்டாம், போன தடவை வந்ததே கிடக்கிறது.'

மூன்று வாரம் முடிந்ததும் கட்டைப் பிரிக்க நர்ஸ் வந்தார். சீட்டைப் பார்த்து மயில்வாகனம் வீட்டுக்குப் போனார். அவர் காலில் கட்டே இல்லை. ஏற்கெனவே பிரித்தாயிற்று என்று எழுதிக்கொண்டு போய்விட்டார். கடைக்குள்ளிருந்து இதைப் பார்த்த வைரக்கண்ணு மாவுக்கட்டைத் தடவிக் கொடுத்தார். கால் எப்போதோ குணமாகிவிட்டது. ஆனால் குணமான காலை வைத்துக்கொண்டு யாரால் அடிபட்டவராக இருக்க முடியும்?

மனு போட்ட எட்டாம் நாள் டி.வி.யில் செய்தி வந்தது. வங்கக் கடலில் குறைந்த காற்றழுத்தத் தாழ்வு நிலை! தெருவே வெடி வெடித்துக் கொண்டாடியது. சர்க்கார் காரியம் இவ்வளவு சீக்கிரம் நடந்து யாரும் பார்த்ததில்லை. வைரக்கண்ணு எண்ணெய் தேய்த்துக் குளித்து, கட்டின்மேல் குங்குமத் தண்ணீர் தெளித்துக்கொண்டு ஸ்ட்ரெச்சரில் ஏறிப் படுத்தார். பக்கிரிசாமியும் உத்திராபதியும் கைமாற்றிக் கைமாற்றி இரண்டு நாள் பிடித்துக்கொண்டு நின்றார்கள். செண்பகவல்லி தொண்டைக்கு மிளகுப்பால் குடித்துவிட்டு ஸ்ட்ரெச்சருக்குப் பக்கத்திலேயே உட்கார்ந்திருந்தாள். அவரைப் பார்க்கும்போதெல்லாம் அவளுக்குச் சந்தோஷத்தில் சிரிப்பு வந்து கொண்டிருந்தது. சீக்கிரம் புயல் வந்தால் அழுதுவிடலாம் என்று தவித்தாள்.

மூன்றாம் நாள் காலை வானம் கழுவிவிட்டதுபோல வெளுத்திருந்தது. தாழ்வு நிலை கடலிலேயே வலுவிழந்து கலைந்துவிட்டதாக டி.வி. சொன்னது.

கோதண்டம் மனுவின் நகலை எடுத்து ஒரு தடவை படித்தார், இரண்டு தடவை படித்தார். மூன்றாம் தடவை படிக்கும்போது நெற்றியில் அடித்துக்கொண்டார்.

"யப்பா, தப்பு நம்ம மேலதான். ஊர்ப் பேரு எழுதினேன், தாலுகா எழுதினேன். பின்கோடு போடலை."

"அடப் பாவமே!" என்றார் உத்திராபதி. "பின்கோடு இல்லாம எங்கன்னு போவும்? பாவம், கடலுக்குள்ளயே தேடித் தேடி அலைஞ்சு, ஒடம்பு கலைஞ்சு போயிருக்கு."

எல்லோர் மனசிலும் அந்தப் புயல்மேல் ஒரு பரிதாபம் வந்தது. கோதண்டம் உடனே புது மனு எழுதினார். இந்தத் தடவை பின்கோடு மட்டுமல்ல, கிழக்கே வந்து, மதகில் திரும்பி, மாவு மில்லுக்கு எதிரே டீக்கடை என்று கேட்டால் யாரும் காட்டுவார்கள் என்று வழியும் எழுதி, தபால்பெட்டியில் போட்டுவிட்டு வந்தார். இனி வராமல் போக வழியே இல்லை.

"சரி வைரம், எறங்கு. வர்றதுக்கு எட்டு நாள் ஆவும்" என்றார்.

வைரக்கண்ணு இரண்டு கையாலும் மூங்கிலை இறுகப் பிடித்துக்கொண்டார். "இறக்காதீங்கண்ணே. எட்டு நாள்தானே, இருந்துடறேன்." பிறகு தலையை மட்டும் தூக்கி, கடைக்குள்ளிருந்து வந்த தீய்ந்த வாடையைப் பார்த்துக் குரல் கொடுத்தார். "மயிலு! டீயை நாப்பத்தொண்ணாப் போட்டுப் பழகு. அவ்வளவு தூரம் வழி கேட்டு வர்ற புயலுக்கு ஒரு வாய் டீகூடக் குடுக்காம அனுப்பினா, நம்ம ஊரைப் பத்தி என்ன நெனைக்கும்?"